பிள்ளைக்கு யாருடைய கதையைக் கொடுக்கலாம்? கேள்வி பதில்

பிள்ளைகள் வாழ்க்கை வரலாறு வாசிப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டே நூலக அலமாரிச் சாவியையும் வைத்திருந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு யூடியூபில் கேம் ஆடுகிறவர்தான் ஹீரோ. காந்தி, கலாம் புத்தகங்கள் வாங்கி வைத்தேன். தொடவே மாட்டேன் என்கிறான்.

முதலில் அந்த யூடியூபரைத் திட்டுவதை நிறுத்துங்கள். அவரிடம் என்ன பிடித்திருக்கிறது என்று மகனிடம் கேளுங்கள். கிண்டல் பேச்சா, பயமில்லாமல் ஆடுவதா? பதில் கிடைத்தால் புத்தகம் தேடுவது சுலபம்.

கிண்டல்தான் என்றால் நம் ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் இருக்கிறார். சாகசம் என்றால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆள் உண்டு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருபது ஆண்டுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சோமர்வெல், எவரெஸ்ட் ஏறப்போனவர். 1922-ல் போனபோது பனிச்சரிவில் சுமைதூக்க வந்த ஏழு பேர் இறந்துபோனார்கள். அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி மலைக்குப் போனார். 28,000 அடிவரை ஏறிவிட்டு இறங்கும்போது, குளிரில் கெட்டுப்போன தொண்டைச் சதை பெயர்ந்து மூச்சை அடைத்துவிட்டது. முன்னால் போனவரைக் கூப்பிடக் குரல் வரவில்லை. பனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஒரு இருமல் இருமினார். அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்தது. எழுந்து நடந்தார்.

இதை நெய்யூருக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், அந்த ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொல்லுங்கள். அப்புறம் எவரெஸ்ட் பற்றிய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அவனே கேட்பான். காந்தி கொஞ்ச நாள் அலமாரியில் இருக்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

குளச்சல் வாசகர்: கடையில் தலைவர்கள் வரிசை, விஞ்ஞானிகள் வரிசை என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

அட்டையைப் பார்க்காதீர்கள், நடுப்பக்கத்தைப் பிரியுங்கள். பிறந்தார், படித்தார், பதவி பெற்றார், விருது பெற்றார் என்றே ஓடினால் வைத்துவிட்டு வாருங்கள். அது பயோடேட்டா. அந்த ஆள் எங்கேயாவது பயந்தாரா, தோற்றாரா, கையில் காசில்லாமல் நின்றாரா என்று தேடுங்கள்.

கலாம் புத்தகம் என்றால் நான் முதலில் தேடுவது 1979 ஆகஸ்ட் 10. அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் அன்று கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டவர் மேலதிகாரி சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் வெற்றி வந்தபோது பேசுவதற்குக் கலாமை அனுப்பிவைத்தார். இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து ராஷ்டிரபதி பவனுக்குப் போய்விடும் புத்தகங்கள் ஏராளம். அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரக்கல்விளையில் பிறந்து ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்த கே.சிவனும் அப்படித்தான். இஸ்ரோ தலைவரானது பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கேள்வி, அவ்வளவுதான். 2019 செப்டம்பரில் நிலாவில் இறங்கப்போன விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தபிறகு, நாடே பார்க்க அவர் அழுதாரே, பேச வேண்டியது அதைத்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஏழு, எட்டு. அதற்கு முன்னால் நரியும் காக்காயும் போதும்.

பேச்சிப்பாறைப் பக்கம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி: நான் எட்டாம் வகுப்புதான் டீச்சர். வாசித்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது. மகள் ஏழாவது படிக்கிறாள்.

நீங்கள் ஏன் வாசிக்க வேண்டும் தம்பி? அவள் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். பால் எடுத்து முடித்துச் சாயா குடிக்கிற நேரம் போதும். ஒரு அத்தியாயம் முடிந்ததும், "அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் மக்களே?" என்று மட்டும் கேளுங்கள். கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரு நோட்டைக் கொடுத்து உங்களைப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். விடியுமுன்னே ஏன் போகிறீர்கள், வெயில் ஏறினால் பால் ஏன் குறைகிறது, பட்டையை ஏன் சரித்து வெட்டுகிறீர்கள், மரத்தில் காயம் படாமல் எவ்வளவு ஆழம் சீவலாம், கத்தியை யாரிடம் பழகினீர்கள்? புத்தகத்தில் வருகிற ஆட்களிடமும் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கத் தோன்றும் அவளுக்கு.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அக்கா: எல்லாப் புத்தகத்திலும் ஆண்கள்தான். என் மகளுக்கு யாரைச் சொல்ல?

நியாயமான கோபம். அன்னா மாணியிலிருந்து தொடங்குங்கள். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். அதுவும் நம் ஊரைப்போல அன்றைக்குத் திருவிதாங்கூர்தான். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரக் கம்மல் கொடுக்க, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்றவர். வானிலை ஆய்வுத் துறையில் கருவிகளை இங்கேயே செய்யவைத்தார். பிற்காலத்தில், எங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று நாடு முழுக்க அளந்து தொகுக்கும் வேலையைப் பார்த்தார். காற்றாலை வைப்பவர்களுக்கு அந்தக் கணக்குத்தான் முதல் தேவை. அடுத்த முறை ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஜன்னலோரம் உட்காரவைத்து, அந்தக் காற்றாடிகளைக் காட்டிச் சொல்லுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி அதற்கு அடுத்து. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது என்பதை மட்டும் சொன்னாலே ஒரு சாயங்காலம் போய்விடும்.

என்.எஸ்.கே. ஜெயிலுக்குப் போனவர், ஜீவாவோ கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். இதெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கலைவாணர் ஒரு கொலை வழக்கில் கைதாகி, தண்டனை பெற்று, 1947-ல் விடுதலையாகி, திரும்பவும் நடிக்க வந்தார். மறைத்தால் நாளைக்குப் போனில் பார்த்துக்கொண்டு, இதை ஏன் சொல்லவில்லை என்று உங்களிடம்தான் கேட்பான். பூதப்பாண்டி ஜீவாவின் கட்சி உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதையும் மகனிடம் சொல்லுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் காமராஜர்–ஜீவா கதைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடவையுங்கள், அதுவே நல்ல வாசிப்பு.

எட்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், 'என் முன்மாதிரி' என்று போட்டிக்குக் கட்டுரை எழுத வேண்டும். எனக்கு யாரையுமே முழுசாகப் பிடிக்கவில்லை.

முழுசாகப் பிடிக்க வேண்டியதில்லை மக்களே. ஒரு ஆளிடமிருந்து ஒரு குணத்தை எடுத்துக்கொள், மிச்சத்தில் சண்டை போடு. தேரூர்க் கவிமணியைக் குழந்தைப் பாட்டுக்காரர் என்று மட்டும்தானே உனக்குத் தெரியும்? நாஞ்சில்நாட்டில் சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போன காலத்தில், அந்த வழக்கத்தையே கேலிசெய்து 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினவர் அவர். ஊருக்குள் இருந்துகொண்டே ஊரைக் கிண்டலடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த ஒன்றை மட்டும் வைத்து எழுது. அவரிடம் பிடிக்காதது இருந்தால் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கு. வாசிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள், எங்கே படித்தாய் என்று நடுவர் கேட்டால் முழிக்க வேண்டியிருக்காது.