மஞ்சளான வெண்டையும் பெயரில்லாத பாட்டிலும்

கேள்வி: மாசிப் பட்டத்தில் மாடியில் இருபது பைகளில் வெண்டை போட்டேன். காய்ப்புக்கு வந்த நேரத்தில் இலை நரம்புகள் மஞ்சளாகி, பிஞ்சுகளும் வெளிறிவிட்டன. மருந்துக் கடையில் ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததை ஒரு முறை தெளித்தேன், பயனில்லை. அளவைக் கூட்டலாமா? எனக்கு மூன்று வயதில் மகன், ஒன்பது மாதத்தில் மகள். சின்னவள் தூங்கும்போதுதான் மாடிக்குப் போக முடிகிறது. நேரத்துக்குத் தண்ணீர் ஊற்றாததால்தான் செடி கெட்டது என்கிறார்கள் வீட்டில். மருந்தில்லாத காய் கொடுக்க வேண்டும் என்றுதான் தோட்டமே போட்டேன்.
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, அளவைக் கூட்ட வேண்டாம். இனி அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் செடிக்கு வந்திருப்பது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இது வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியில் சாற்றை உறிஞ்சி, அடுத்த செடிக்குப் போகும்போது நோயையும் கொண்டுபோகிறது. வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். அதனால்தான் பங்குனி வெண்டையில் இது அதிகம். தண்ணீர் தவறியதால் இந்த நோய் வராது. தினமும் இரண்டு வேளை ஊற்றியிருந்தாலும் வந்திருக்கும். இதை உங்கள் வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள்.

நோய் வந்த செடியைக் குணமாக்க எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. பூச்சிமருந்து ஈயைக் கொல்லலாம்; செடிக்குள் போன வைரஸை ஒன்றும் செய்யாது. அதிகாலையில், ஈ சுறுசுறுப்பாவதற்கு முன்னால், நரம்பு மஞ்சளான செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பச்சையாக இருக்கும் செடிகளுக்கு நடுவே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, செடியின் உச்சி உயரத்தில் தொங்கவிடுங்கள்; ஈ அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். தேமல் வந்த காயைத் தின்றால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது, நார் மட்டும் அதிகமாக இருக்கும். ஆனால் நீங்கள் தெளித்துவிட்டீர்கள். எந்த மருந்தைத் தெளித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிளில்தான் இருக்கும். உங்கள் பாட்டிலில் லேபிளே இல்லை. வெண்டையோ ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கும் காய். ஆகவே இப்போது செடியில் இருக்கும் காய்களைச் சமைக்க வேண்டாம், பறித்து அப்புறப்படுத்துங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். கேட்டிருக்க வேண்டியது வேறு: தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது?

சில்லறையாகப் பூச்சிமருந்து ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரர்கள் மீது எனக்கு எந்த இரக்கமும் இல்லை. லேபிள் இல்லாமல் மருந்து விற்பது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம். பெயர் தெரியாது, எத்தனை சதவீதம் என்று தெரியாது, நச்சின் கடுமையைச் சொல்லும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணமும் இல்லை. நாளைக்கே மகன் அதை வாயில் வைத்துவிட்டால், மருத்துவரிடம் என்ன மருந்து என்று சொல்வீர்கள்? இன்றே அதை உங்கள் கணவர் கடைக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கட்டும். என்ன மருந்து என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வரட்டும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும் நீங்கள் தெளிப்பானையும் தொட வேண்டாம். எந்தக் குழந்தையாவது இப்படி எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்கு அழையுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

இயற்கை மருந்து என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. வேப்பெண்ணெய் உள்ளே போய்க் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்து மூளை பாதித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதுவும் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். விதையிலும் கவனம் வேண்டும். பாக்கெட்டில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பளபளக்கும் விதைகள் பூஞ்சண மருந்து பூசியவை. மிட்டாய் போலவே இருக்கும். மகனுக்கு விதை போட ஆசை என்றால் சமையலறை டப்பாவிலிருந்து தட்டைப்பயறு எடுத்துக் கொடுங்கள். அது நன்றாக முளைக்கும். சின்னவள் கைக்கு மட்டும் எட்டக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

அடுத்தது மாடி. குழந்தை தூங்கும் அரை மணி நேரத்தில் இருபது பைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈ பார்த்து, காய் பறித்துவிட்டு ஓடி வருவது யாராலும் ஆகாத காரியம். பையனையும் கூட்டிப் போனால் கைப்பிடிச் சுவரைப் பார்ப்பீர்களா, செடியைப் பார்ப்பீர்களா? திறந்த தண்ணீர் டிரம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அரை வாளித் தண்ணீரிலேயே குழந்தைகள் மூழ்கியிருக்கிறார்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள், டெங்குக் கொசுவும் அண்டாது. பத்துப் பைகளைக் கீழே இறக்கிச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கொல்லையில் ஓர் ஆள் படுக்கும் அளவு மண் இருந்தால் இன்னும் நல்லது, பையே வேண்டாம்.

இனி நான் எல்லோரிடமும் சொல்லி அலுக்காத விஷயத்துக்கு வருகிறேன். மூடாக்கு, அதாவது வெற்று மண்ணைச் சருகாலோ வைக்கோலாலோ மூடிவைப்பது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உரத்தைவிட, ரகத்தைவிட, பூச்சிவிரட்டியைவிட முதலில் வேண்டியது இதுதான். இரண்டு நாள் நீங்கள் எட்டிப் பார்க்காவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் தோட்டம்தான் உங்களுக்கு வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், பல் முளைக்கும், இரவெல்லாம் தூக்கம் போகும். அந்த நாட்களில் வெற்று மண் உங்களை மன்னிக்காது.

பங்குனி வெயிலில் மூடாக்கு இல்லாத பையைத் தொட்டுப் பாருங்கள். காலையில் ஊற்றியது மதியத்துக்குள் பறந்து, மேல்மண் ஓடுபோல இறுகி, பையின் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும். அந்த விரிசல் வழியாகத்தான் மாலையில் ஊற்றும் தண்ணீர் வேரைத் தொடாமல் அடியில் ஓடிவிடுகிறது. அதே மண்ணின் மேல் மூன்று விரற்கடைக் கனத்துக்குச் சருகு போட்டு, நான்கு நாள் கழித்து விலக்கிப் பாருங்கள். மண் கறுத்து, பொலபொலவென்று, விரல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். தரையில் போட்ட பாத்தியாக இருந்தால் ஒரு மழைக்காலம் கழித்து மண்புழுக்களும் வந்து சேரும். களை எடுக்கும் வேலையும் பெரும்பாலும் மிச்சம்.

உங்கள் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. மஞ்சள் அறுவடை முடியும் பருவம் இது. காய்ந்த மஞ்சள் தழையைக் கேட்டால் கொடுப்பார்கள். கரும்புத் தோகை, வேப்பஞ்சருகு, வைக்கோல் எதுவும் ஆகும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். தண்ணீரைச் சருகை விலக்கி மண்ணில் ஊற்றுங்கள். பூரான் ஒதுங்கலாம் என்பதால் குழந்தை கைவைக்கும் முன் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். இதற்குப் பதிலாகக் கடையில் தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், தண்ணீர் உறிஞ்சும் மணிகள், ‘முழு மாடித்தோட்டத் தொகுப்பு’ என்று விற்பார்கள். உங்கள் பணத்தை அதில் போடாதீர்கள். வெறும் நார்க்கழிவு நிரப்பிய பையில் செடிக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. பிறகு அதே கடையில் உரம் வாங்க வரிசையில் நிற்பீர்கள்.

உரத்துக்கு மக்கிய தொழுவுரம் போதும். உள்ளங்கையில் அள்ளினால் சாண வாடை வரக் கூடாது, மண் வாசனைதான் வர வேண்டும். பச்சைச் சாணம் கரைத்து ஊற்றுவதைக் குழந்தைகள் மண்ணில் விளையாடும் வரை தள்ளிவையுங்கள். மகன் மண் தின்கிறானா என்று பாருங்கள். தின்றால் இரத்தசோகையாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

என்ன போடுவது? வெண்டை இப்போது உங்களுக்கு ஏற்ற பயிர் இல்லை. பறிக்க இரண்டு நாள் தாமதித்தால் முற்றிவிடும். கிள்ளுக்கீரை போடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகம் திரும்பத் திரும்பக் கிள்ளி எடுக்கவே உருவானது. மூன்று வாரத்தில் முதல் கிள்ளல் கிடைக்கும். ஒரு வாரம் மறந்தாலும் நட்டமில்லை. ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் தவசிக்கீரையும் குச்சி ஒடித்து நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரு கோவைக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுங்கள். சின்னவளுக்குப் பருப்போடு மசித்த கீரையை இப்போதே ஊட்டலாம்.

வெண்டையை விட மனமில்லை என்றால் ஆடிப் பட்டத்தில் ஐந்தாறு செடி போதும். தேமலைத் தாங்கும் என்று வெளியிடப்பட்ட அர்கா அனாமிகா போன்ற ரகங்களிலும் இப்போது பல இடங்களில் நோய் வருகிறது. ஆகவே விதைக் கடைக்காரர் ‘நோயே வராது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஊரில் சென்ற ஆடியில் யார் வீட்டு வெண்டை பச்சையாக நின்றதோ, அவரிடம் என்ன விதை என்று கேட்டு வாங்குங்கள்.