ஓடை கீழே, ஊர் மேலே: கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஏறுமா?

கேள்வி: கொல்லிமலையில் எங்கள் ஊரில் 35 குடும்பங்கள், சுமார் 150 பேர். ஊருக்கு 100 அடி கீழே ஓடை இருக்கிறது, கோடையிலும் வற்றாது. பெண்கள்தான் குடத்தில் சுமந்து ஏறுகிறார்கள். சிங்கிள் பேஸ் கரண்டில் வோல்டேஜ் நிற்காமல் மோட்டார் இரண்டு முறை எரிந்துவிட்டது. சிலர் சோலார் போடச் சொல்கிறார்கள். கரண்டே வேண்டாத ‘ராம் பம்பு’ என்று ஒரு வீடியோ பார்த்தோம். எதை நம்புவது?

பதில்: முதலில் நான் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்கு மேலே எங்காவது ஊற்று இருக்கிறதா? ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், சிறியதாக இருந்தாலும் சரி. இருந்தால் பம்பை மறந்துவிடுங்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கட்டி மூடி, கறுப்பு ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயில் இறக்கினால் தண்ணீர் தானாக வந்து சேரும். எரிய மோட்டாரும் இல்லை, தேய வாஷரும் இல்லை. மாடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத ஊற்று இருக்காது.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் ராம் பம்பு. வீடியோவில் பார்த்தது பொய்யல்ல. வெப்பக் காற்று பலூன் பறக்கவிட்ட மாங்கோல்ஃபியே சகோதரர்களில் ஒருவர் 1796-இல் பிரான்சில் செய்த கருவி அது. ராமருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆங்கிலத்தில் ‘ராம்’ என்றால் கிடா. தண்ணீரை முட்டித் தள்ளுவதால் அந்தப் பெயர்.

வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் ‘டக்’கென்று அதிருமே, அந்த அடிதான் இதன் சக்தி. ஓடையின் மேல்பக்கத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் வேகம் எடுத்ததும் ஒரு வால்வு தானே அடைத்துக்கொள்ளும். நிற்க இடமில்லாத தண்ணீரில் கொஞ்சம் இன்னொரு வால்வைத் திறந்துகொண்டு மேலே ஏறும். அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு மறுபடி திறக்கும். நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது தடவை, இரவும் பகலும் இதே வேலைதான்.

எவ்வளவு ஏறும்? ஓடை நீரை ஒரு குழாய் வழியே திருப்பி 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 10 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 120 லிட்டர். அடுத்து, பம்பு உட்காரும் இடத்துக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் எத்தனை அடி இறக்கம் என்று கொத்தனாரின் லெவல் டியூபால் பாருங்கள். 10 அடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 10-ஆல் பெருக்கி, ஏற வேண்டிய 100 அடியால் வகுத்தால் 12. அதில் அறுபது சதவீதம்தான் கைக்கு வரும்: நிமிடத்துக்கு 7.2 லிட்டர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 24 மணி நேரத்தில் அது 10,000 லிட்டரைத் தாண்டும். தலைக்கு 69 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் அளவே 55 லிட்டர்தான். மீதி சுமார் 113 லிட்டர் வீணாகிறதே என்று ஊரில் யாராவது பதறுவார்கள். அது திரும்ப ஓடைக்குத்தான் போகிறது.

இந்த அளவை ஐப்பசியில் எடுத்து ஏமாந்தவர்கள் நிறைய. பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ எடுங்கள். இறக்கம் மூன்று அடிக்குக் கீழே என்றாலோ, வாளி நிறைய ஒரு நிமிடம் ஆனாலோ, உங்கள் ஊருக்கு ராம் பம்பு போதாது. அப்போது சோலார்தான் வழி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேகம் மூடிக் கிடக்கும் நாட்களுக்கு ஈடாகத் தொட்டியைப் பெரிதாகக் கட்ட வேண்டும்; கன்ட்ரோலர் கார்டு போனால் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ராம் பம்பில் தவறு நடப்பது பெரும்பாலும் ஓடையிலிருந்து பம்புக்கு இறங்கும் வரவுக் குழாயில்தான். மலிவு என்று பி.வி.சி. போடுவார்கள். அது விரிந்து கொடுத்து அந்த அடியைத் தானே விழுங்கிவிடும். இரண்டரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 50 முதல் 70 அடி, வளைவில்லாமல் போடுங்கள். மேலே ஏறும் குழாய்க்கு ஒரு அங்குல ஹெச்.டி.பி.இ. போதும். குழாய் வாயில் வலையும், மணல் படிய ஒரு சின்னத் தொட்டியும் வேண்டும். கார்த்திகை வெள்ளம் அடித்துப் போகாதபடி பம்பைக் கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்குங்கள்; கழற்றவும் முடிய வேண்டும்.

உதிரிபாகத்துக்குப் பயப்படாதீர்கள். பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் மலை ஊர்களுக்கு ராம் பம்பு போட்டுத் தரும் ஏ.ஐ.டி.எஃப்.ஐ. என்ற அமைப்பு 2011-இல் மகசேசே விருது பெற்றது. அவர்கள் வால்வுக்குச் சாதாரணக் கதவுக் கீலையே பயன்படுத்துகிறார்கள். பழைய டயர் ரப்பரை வெட்டத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உங்கள் ஊரில் இருந்தால் போதும். மெத்தென்று கேட்கும் சத்தம் ஒருநாள் ‘ணங் ணங்’ என்று மாறினால், பம்பின் காற்று அறையில், அதாவது அடியைத் தாங்கக் காற்று அடைத்திருக்கும் உருளையில், தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பம்பை நிறுத்தி, வடித்துவிட்டு, காற்று உறிஞ்சும் ஊசித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஓடவிட்டால் குழாய் வெடிக்கும்.

ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது. மணல் வடிகட்டியில் தெளியவைத்து, மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரமாவது விட்டுப் பிறகு குழாயைத் திறந்துவிடுங்கள். ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரிடம் குளோரின் பார்க்கும் பெட்டி இருக்கும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும்.

குழாய் காட்டு நிலத்தில் போகிறதா? 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் குடிநீர்க் குழாயும் வருகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலமாக இருக்க வேண்டும். கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும். பள்ளம் தோண்டுவதற்கு முன்பே அந்தத் தீர்மானத்தைப் போட்டுவிடுங்கள். வாளி நிறைந்த நொடி, இறக்கம், ஏற்றம் மூன்றையும் எழுதி அனுப்பினால் குழாய் அளவை உங்கள் ஓடைக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.