ஜம்ஷெட்பூர் நண்பருக்கு ஒரு போன்

கேள்வி: நான் 1986-இல், கப்பல் இன்ஜினியர்களைப் பயிற்றும் கொல்கத்தா டி.எம்.இ.டி.யில் படித்து முடித்த மரைன் இன்ஜினியர். சீஃப் இன்ஜினியராக ஓய்வு பெற்று இப்போது ஊரோடு இருக்கிறேன். நாற்பதாம் ஆண்டுச் சந்திப்பை கோவாவில் ஒரு ரிசார்ட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பேட்ச் முடிவு செய்திருக்கிறது. ஹாஸ்டலில் நாலு வருஷமும் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ஜம்ஷெட்பூர்க்காரன். எனக்கு இந்தி கற்றுக்கொடுத்ததே அவன்தான். சீஃப் ஆவதற்கான கிளாஸ் ஒன் பரீட்சையின் வாய்மொழித் தேர்வில் (ஓரல்ஸ்) இரண்டு மூன்று முறை தவறிய பிறகு, கடலை விட்டுவிட்டு அனல் மின் நிலைய வேலைக்குப் போய்விட்டான். அதன்பின் நான் போட்ட கடிதங்களுக்குப் பதிலே இல்லை. போன மாதம் யாரோ அவன் நம்பரைத் தேடிப் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். இரண்டே நாளில் வெளியேறிவிட்டான். நான் கூப்பிட்டுப் பேசலாமா? “வேண்டாம் என்று போனவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?” என்கிறாள் மனைவி.
– வாசகர், நாகர்கோவில்.

பதில்: கூப்பிடுங்கள். கோவாவுக்கு முன்பணம் கட்டும் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கூப்பிடுங்கள்.

கப்பல்காரரின் மனைவியாகப் பல வருஷம் இருந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். அவர் வெளியேறியது ஒரு குழுவிலிருந்து. அந்த இரண்டு நாளில் அவர் கண்ணில் என்னென்ன பட்டிருக்கும் என்று யோசியுங்கள். தோளில் சீஃபுக்கான நாலு பட்டையோடு எடுத்த பழைய படங்கள், சிங்கப்பூரில் சூப்பரின்டென்டன்டாக இருப்பவரின் வீடு, யார் எந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் சீஃபாக இருந்தார் என்ற கணக்கு. யாரும் அவரை நோகடிக்க நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கிளாஸ் ஒன் வாசலில் நின்றுபோன ஒருவருக்கு, ஒவ்வொரு படமும் ‘நீ எதுவரை போனாய்?’ என்று கேட்பது போலத்தான் இருந்திருக்கும். உங்களோடு தனியாகப் பேச அவர் மறுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையே!

1986 எப்படிப்பட்ட வருஷம் என்பது உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உலகம் முழுக்கக் கப்பல் தொழில் படுத்துக்கிடந்த நேரம் அது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஜப்பானின் பெரிய கம்பெனியான சாங்கோ திவாலாகியிருந்தது. சரக்கு இல்லாமல் கப்பல்கள் நங்கூரத்தில் சும்மா நின்றன. அந்தச் சமயத்தில் படித்து முடித்தவர்களில் சிலருக்கு உடனே கப்பல் கிடைத்தது, சிலர் மும்பையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். இந்தத் தொழிலில் அடுத்த பரீட்சை எழுத வேண்டுமென்றால் இத்தனை மாதம் கடலில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. முதல் கப்பல் தள்ளிப்போனால் கிளாஸ் டூ தள்ளிப்போகும், பிறகு கிளாஸ் ஒன். அதற்குள் வீட்டில் தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஏதாவது வந்து நிற்கும். ஒரே அறையில் ஒரே புத்தகத்தைப் படித்த இருவரில் ஒருவர் சீஃபாகவும் இன்னொருவர் மின் நிலையத்திலும் போய்ச் சேர்ந்ததற்கு, திறமையைவிட நேரம் பெரிய காரணமாக இருந்திருக்கலாம். உங்கள் நண்பர் விஷயத்தில் என்ன நடந்தது என்று அவர் வாயால்தான் தெரிய வேண்டும். ஆனால் பேசப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தப் பதில் வராத கடிதங்கள். இத்தனை வருஷமாக அதை ஒரு வருத்தமாகவே வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தக் காலத்துக் கப்பல் தபால் எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் மும்பை ஆபீஸ் முகவரிக்கு எழுதுவோம். அவர்கள் கட்டாகச் சேர்த்து, கப்பல் அடுத்துப் போகும் துறைமுகத்து ஏஜென்ட்டுக்கு அனுப்புவார்கள். நடுக்கடலில் உத்தரவு மாறிக் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டால், அந்தக் கட்டு ஏஜென்ட் மேஜையிலேயே கிடக்கும். என் கணவருக்கு நான் போட்ட கடிதங்கள் மூன்று மாதம் ஒன்றும் வராமல், பிறகு மொத்தமாக ஒரே நாளில் போய்ச் சேரும். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்ற கடிதத்தை முதலில் பிரித்துவிட்டு, காய்ச்சல் வந்த கடிதத்தைக் கடைசியில் படிப்பார். அதனால் உறையின் மூலையில் 1, 2, 3 என்று எண் போட ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்துக் கப்பல்காரர் வீடுகளிலும் அதே பழக்கம் இருந்தது. கப்பலிலிருந்து சாட்டிலைட் போனில் பேசலாம்தான், ஆனால் நிமிடத்துக்குப் பல டாலர் ஆகும். அதற்கு யாருக்குக் கட்டுப்படியானது? உங்கள் நண்பர் எழுதிய பதில் ஏதோ ஒரு துறைமுகத்தில் உங்களைத் தேடிவிட்டுத் திரும்பியிருந்தால் ஆச்சரியப்படுவதற்கு இல்லை. எழுதாமலே விட்டிருக்கலாம் என்பதும் உண்மைதான். எதுவாக இருந்தாலும் முதல் போனில் அதைக் கேட்காதீர்கள்.

உங்கள் பேட்ச் எப்போது கலைந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1986-இல் கலைந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பரீட்சைக்குப் படிக்க மும்பை வருவீர்கள், ஒரே லாட்ஜில் நாலைந்து பேர் தங்குவீர்கள், ஓரல்ஸ் முடித்து வருகிறவரை வழிமறித்து என்னென்ன கேட்டார்கள் என்று எழுதிக்கொள்வீர்கள். பரீட்சை இருந்தவரை கூட்டம் இருந்தது. கிளாஸ் ஒன் பாஸானதும் கூடுவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. நீங்கள் லீவில் வரும்போது இன்னொருவர் கப்பலில், அவர் வரும்போது நீங்கள் கப்பலில். பாஸானவர்களே அப்படிப் பிரிந்தபோது, பாஸாகாதவர் எந்த முகத்தோடு உங்களைத் தேடி வந்திருப்பார்?

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வற்புறுத்துவதும் தொந்தரவுதான். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் கடலில் இருந்தபோது, கான்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆகி ஊருக்கு வந்த உங்கள் பேட்ச்காரர் யாராவது வீட்டுக்கு போன் செய்து, “ராட்டர்டாமில் பார்த்தேன், நன்றாக இருக்கிறான்” என்று சொன்னதுண்டா? அந்த ஒரு வாக்கியம் வந்த நாளில் நாங்கள் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினோம் என்று எங்களைப் போன்ற பெண்களுக்குத்தான் தெரியும். அப்படிச் செய்தி கொண்டுவந்தவர்களை நாங்கள் உறவுக்காரர்களாகத்தான் நினைத்தோம். உங்கள் மனைவிக்கும் அப்படி யாராவது நினைவுக்கு வருவார்.

சரி, எப்படிப் பேசுவது? நீங்களே தனியாகக் கூப்பிடுங்கள். கான்ஃபரன்ஸ் கால் வேண்டாம். அந்த நம்பருக்கு முன்கூட்டி மெசேஜ் அனுப்பி அனுமதி கேட்டால், பதில் போடாமல் இருந்துவிடுவது அவருக்குச் சுலபம். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, அவர் கற்றுக்கொடுத்த இந்தியிலேயே பேசுங்கள். உடம்பு எப்படி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். மின் நிலைய வேலையைப் பற்றி நிஜமான அக்கறையோடு கேளுங்கள். பாய்லரும் டர்பைனும் உங்கள் இருவருக்கும் பொதுவானவை, பேச நிறைய இருக்கும். எந்த ரேங்க்கில் ஓய்வு பெற்றாய் என்ற கேள்வியும், கோவா பேச்சும் முதல் போனில் வேண்டாம். “செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று எந்தப் போனிலும் சொல்லக் கூடாது. அதைவிட வலிக்கும் சொல் வேறு இல்லை.

அவர் எடுக்கவில்லை என்றால், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை முயலுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், நம்பரைத் தேடிப் பிடித்தவரிடம் முகவரியைக் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். போன் உடனே பதில் கேட்கும். கடிதத்தை அவர் மேஜையில் வைத்துக்கொண்டு மனம் வரும்போது எழுதலாம். “வேண்டாம்” என்று அவரே சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கோவாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ரிசார்ட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். நீங்கள் படித்த தாரத்தலா வளாகம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது, இப்போது இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கீழ். அனுமதி வாங்கி அங்கே ஒரு நாள் சந்தித்தால் என்ன என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். ஜம்ஷெட்பூரிலிருந்து சில மணி நேர ரயில் பயணம்தான். செலவுக்கு அஞ்சி வராமல் இருக்கிற மற்ற சிலரும் வருவார்கள். கான்ட்ராக்டில் வெளிநாட்டுக் கப்பல்களில் ஓடியவர்களில் பலருக்கு பென்ஷன் கிடையாது, அறுபதுக்குமேல் எல்லார் கையும் ஒரே மாதிரி இருக்காது. இறந்துபோன நண்பர்களின் மனைவிமாரையும் அழையுங்கள். அவர்களைக் குழுவில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதே இல்லை.

இடம் மாறினாலும் மாறாவிட்டாலும், நண்பர் வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் போய்விட்டு வாருங்கள். ஆனால் அவரோடு பேசிவிட்டுப் போங்கள்.