அல்சைமர் கஃபேயில் என்ன நடக்கிறது?

கேள்வி: நெதர்லாந்தில் தோன்றிய அல்சைமர் கஃபேயில் மறதிநோய்க்குச் சிகிச்சை அளிக்கிறார்களா? குடும்பத்தார் மட்டும் செல்லலாமா?

பதில்: சிகிச்சை எதுவும் இல்லை. தம்பதியரில் ஒருவருக்கு நோய் வந்தபின் இருவரும் அதைப் பற்றித் தமக்குள் பேசவே தயங்குவதைக் கண்ட உளவியலாளர் பெரே மீசன், 1997இல் லைடன் நகரில் இச்சந்திப்பைத் தொடங்கினார். மாதம் ஒருமுறை கூடுவோர் முதலில் காபி அருந்தியபடி அளவளாவுவர். பின்னர் மருத்துவரையோ, நோயுற்றவரையோ, அவரைப் பராமரிப்பவரையோ அனைவர் முன்னிலையிலும் பேட்டி காண்பர். இடைவேளைக்குப் பின் கேள்விகள் தொடரும். குடும்பத்தார் மட்டும் செல்லத் தடையில்லை. ஆயினும் சேர்ந்து செல்வதே நல்லது என்பேன், ஏனெனில் வீட்டில் எவரும் வாய்திறந்து கேட்காத கேள்வியை அங்கே முன்பின் அறியாத ஒருவர் கேட்டுவிடுவதுண்டு. பராமரிப்பவருக்குச் சற்று ஓய்வு வேண்டுமெனில், பகல்நேரப் பராமரிப்பு மையத்தைத்தான் நாட வேண்டும்.