கூலியா, கொடையா? கிருபை பற்றி நீங்கள் கேட்டவை

கிருபை பற்றி மனதில் இருக்கும் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, சிங்கப்பூரில் எந்த வட்டாரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்துவிட்டேன். நான் போதகர் இல்லை. மெதடிஸ்ட் சபையில் வளர்ந்து, பல வருடங்களாக வேதபாட வகுப்பு எடுப்பவன், அவ்வளவுதான். கத்தோலிக்கர்கள் கேட்ட இடங்களில் அவர்கள் திருச்சபை என்ன சொல்கிறதோ அதைச் சொல்லியிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

பொங்கோல்: அங்கிள், ரொம்ப நீட்டாமல் சொல்லுங்கள். கிருபை என்றால் என்ன?

நாம் சம்பாதிக்காத, சம்பாதிக்கவும் முடியாத தயவைத் தேவன் தாமாகவே முந்திக்கொண்டு காட்டுவது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் 2:8. மன்னிப்பதோடு அது நின்றுவிடுவதும் இல்லை. மன்னிக்கப்பட்டவனுக்குள் இருந்து வேலை செய்யும் பலமும் கிருபைதான்.

செங்காங்: ஐயா, என் மகளுக்கு பிஎஸ்எல்இயில் (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, எண் குறையக் குறைய நல்லது) 21. அதே சபையில் இன்னொரு பிள்ளைக்கு 6. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் மைக்கைப் பிடித்து "கர்த்தருடைய கிருபையால்" என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும்தானே உபவாசம் இருந்து ஜெபித்தோம்? எங்களுக்குக் கிருபை குறைந்துவிட்டதா?

இல்லைம்மா. பிஎஸ்எல்இயில் 4 முதல் 32 வரை ஓடும் அந்த அட்டவணையைப் போட்டது கல்வி அமைச்சு. அதை வைத்துப் பரலோகத்தை அளக்க வேண்டாம்.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்சத்திலே ஒரு முள். அதை நீக்கும்படி மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை. கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" (2 கொரிந்தியர் 12:9). கேட்டது கிடைப்பதுதான் கிருபை என்றால், புதிய ஏற்பாட்டில் அதைப் பற்றி அதிகம் எழுதிய மனிதருக்கே அது கிடைக்கவில்லை என்றாகிவிடும்.

அந்தத் தாய் நன்றி சொன்னதில் பிழை காண மாட்டேன். நல்ல ஞாபகசக்தி, டியூஷனுக்குக் கட்டப் பணம், பரீட்சை அன்று காய்ச்சல் வராமல் இருந்தது எல்லாம் நன்றி சொல்ல வேண்டியவைதான். ஆனால் இவை நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் பெய்யும் மழையில் சேர்த்தி (மத்தேயு 5:45). ஜெபிக்காத வீட்டுப் பிள்ளையும் 6 எடுக்கிறதே! எனக்கு வருத்தம் சபைமேல்தான். நல்ல மதிப்பெண்ணுக்கு மட்டும் மைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், கீழே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன பாடம் படிக்கும்? தகுதி பார்த்தே எல்லாம் கிடைக்கும் ஊரில் வளர்கிறவள் அவள். தகுதி பார்க்காத ஒரு இடம் உண்டு என்பதை அவள் சபையில்தான் கேள்விப்பட முடியும். 21 எடுத்த பிள்ளையையும் ஒரு ஞாயிறு முன்னால் அழைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள் என்று உங்கள் போதகரிடம் நீங்களே கேட்கலாம்.

துவாஸ்: அண்ணே வணக்கம். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கம்பெனியில ஞாயித்துக்கிழமையும் வேலை போடுறாங்க. கோயிலுக்குப் போயி ரொம்ப நாளாச்சு. குடியும் உண்டு, மறைக்கல. வீட்டுக்குப் பணம் அனுப்புறத மட்டும் விட்டதில்ல. என்னை மாதிரி ஆளுக்கு அருள் கிடைக்குமா?

தம்பி, இயேசு சொன்ன ஒரு கதை உங்களுக்காகவே சொன்னது போல இருக்கும். மத்தேயு 20. திராட்சத்தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி ஆள் எடுக்கிறார். பிறகு காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று என்று திரும்பத் திரும்பப் போகிறார். ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவனுக்குத்தான் முதலில், அதுவும் முழுப் பணம். "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த" காலை ஆட்களுக்குக் கோபம். முதலாளி கேட்கிறார்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?"

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்கும் நாங்கள் பெரும்பாலும் காலை ஆட்கள். ஏசி போட்ட ஆலயத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். சந்தையில் நிற்பது எப்படி இருக்கும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். ஐந்து மணிக்கு வந்தவன் கணக்குக் காட்டவில்லை, காட்ட அவனிடம் எதுவும் இல்லை. கூப்பிட்டதும் போனான். உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

குடியைப் பற்றி நீங்களே சொன்னீர்கள், அதனால் நானும் சொல்கிறேன். விட்ட பிறகு வா என்று கிருபை சொல்லாது. ஆனால் வந்தவனை அப்படியே விட்டுவைக்கவும் செய்யாது. தீத்து 2:11, 12ஐப் படியுங்கள், கிருபையே வாத்தியாராக இருந்து நம்மைத் தெளிந்த புத்தியோடு வாழக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு நல்ல கூட்டாளியிடம் மனம் விட்டுப் பேசி ஆரம்பியுங்கள்.

'கோயில்' என்றதால் கத்தோலிக்கர் என்று எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறுக் கடமைக்குச் செல்லும். வேலையால் போகவே முடியவில்லை என்றால் அது பாவமும் ஆகாது. முடிகிற நாளில் ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குப் போங்கள். 1888இல் தமிழர்களுக்காகவே கட்டிய கோயில் அது, இன்றும் தமிழில் பூசை உண்டு.

இன்னொன்று. கிருபைதான் இலவசம், உங்கள் உழைப்பு இலவசம் இல்லை. இந்த ஊர் வேலை நியமனச் சட்டப்படி உங்களைப் போன்ற தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. முதலாளி கேட்டு அந்த நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். வரவில்லையென்றால் மனிதவள அமைச்சில் கேட்கலாம். கூலியைப் பிடித்து வைப்பவனை யாக்கோபு 5:4 சும்மா விடவில்லை.

உட்லண்ட்ஸ்: அண்ணா, பிடிஓ (அரசாங்கப் புது வீடு) குலுக்கலில் வீடு விழுந்தால் வேளாங்கண்ணிக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். வீடு கிடைத்தது. கைக்குழந்தை, வேலை, போகவே முடியவில்லை. கொடுத்த அருளைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா?

வீடு கொடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சாவியைத் திருப்பிக் கேட்காது, மாதாவும் கேட்க மாட்டார்கள். பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நேர்ச்சை என்பது கடனுக்கு வட்டி கட்டுவது போன்றதல்ல, நன்றியின் வாக்கு. அதே சமயம் உங்கள் திருச்சபை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேற்ற வேண்டியதே. ஆனால் வழி இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தையே அதிலிருந்து விடுவிக்கலாம் (திருச்சபைச் சட்டம் 1196). தனிப்பட்ட நேர்ச்சையை, அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு (1197). தந்தையைப் பாருங்கள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ சந்தோஷமாகப் போய் வரலாம்.

தோ பாயோ: நான் சைவன், மனைவி கிறிஸ்தவர். "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று தினமும் ஓதுகிறேன். நீங்கள் சொல்லும் கிருபை இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? சண்டைக்குக் கேட்கவில்லை.

சண்டை போட எனக்கும் மனமில்லை. இந்த அடியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதிச் சபையின் ஆயர் அகுஸ்தீன் நினைவுக்கு வருவார். மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழலாம் என்ற பெலாகியுஸின் போதனையை எதிர்த்து அவர் தம் கடைசி வருடங்களில் சாகும்வரை வாதாடினார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. 529இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசிக்க வேண்டும் என்று தோன்றும் முதல் ஆசையே கிருபையால்தான் என்றது. வணங்குவதற்கும் அவன் அருளே வேண்டும் என்று மாணிக்கவாசகர் பாடியதற்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். கிறிஸ்தவ மிஷனரியான ஜி. யு. போப் தம் எண்பதாவது வயதில், 1900இல், திருவாசகத்தை முழுவதும் ஆங்கிலத்தில் கொண்டுவந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வைணவத்தில் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் வாதிட்டார்களே, எங்கள் வீட்டிலும் அந்த வழக்கு உண்டு. சீர்திருத்தவாதி கால்வின் வழியினர் பூனைப் பக்கம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் வெஸ்லி வழியினர், பற்றிக்கொள்ளும் பலத்தையும் தாயே கொடுக்கிறாள், ஆனாலும் குட்டி கையை உதறலாம் என்போம்.

வேறுபாட்டுக்கு வருகிறேன். இருவினையொப்பு (நல்வினை, தீவினை இரண்டையும் சமமாகப் பார்க்கும் நிலை), மலபரிபாகம் (மலம் நீங்கும் பக்குவம்) வந்து, ஆன்மா பக்குவப்பட்ட நிலையில் சத்திநிபாதம் (அருள் பதிதல்) என்று சைவ சித்தாந்தம் படி வைக்கிறது. அதற்குப் பல பிறவிகள். கிறிஸ்தவம் ஒரே பிறவியைத்தான் பேசுகிறது, பக்குவத்துக்குக் காத்திருப்பதையும் பேசவில்லை. "நாம் பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. இரண்டாவது, எங்கள் நம்பிக்கையில் அந்த அருள் ஒரு குறிப்பிட்ட மனிதரின் சாவோடு கட்டப்பட்டிருக்கிறது. பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் பெயர் எங்கள் விசுவாசப் பிரமாணத்திலேயே இருக்கிறது. அந்தச் சிலுவையை எடுத்துவிட்டால் கிருபை பற்றிச் சொல்ல எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த இடத்தில் நாம் இருவரும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் உங்களுக்கும் நியாயமாகாது, உங்கள் மனைவிக்கும் நியாயமாகாது.

பிடோக்: நான் போகும் பெரிய ஆங்கில சபையில், கிருபைக்குள் வந்த பிறகு பாவத்தை அறிக்கையிடத் தேவையில்லை, 1 யோவான் 1:9 அவிசுவாசிகளுக்கு எழுதியது என்கிறார்கள். சரியா?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்றுதான் யோவான் எழுதுகிறார், தம்மையும் சேர்த்து. அடுத்த அதிகாரமே "என் பிள்ளைகளே" என்று தொடங்குகிறது. அவிசுவாசிகளை அப்படி அழைப்பாரா?

அவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. ஒவ்வொரு பாவத்தையும் பட்டியல் போட்டு, ஒன்று விட்டுப்போனாலும் நரகம் என்று நடுங்கி வாழ்ந்தவர்கள் அங்கே போய் மூச்சுவிட்டிருக்கிறார்கள். அந்த நடுக்கத்தை உண்டாக்கிய பழைய பிரசங்கங்கள் என் காதிலும் விழுந்திருக்கின்றன. ஆனால் அறிக்கை என்பது மன்னிப்பை வாங்கக் கொடுக்கும் விலை என்று இரண்டு பக்கமும் நினைப்பதுதான் கோளாறு. கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்வி பவுலிடமே வந்தது. "கூடாதே" என்று ஒரே சொல்லில் முடித்தார் (ரோமர் 6).

ஜூரோங் வெஸ்ட்: கத்தோலிக்கர்கள் நற்செயலால் இரட்சிப்பு என்று நம்புகிறவர்கள்தானே?

இல்லை. கிறிஸ்துவின் அருள் இல்லாமல் சொந்தச் செயலால் நீதிமானாகலாம் என்பவனை கத்தோலிக்கத் திருச்சபையின் டிரெந்து சங்கம் 1547இலேயே சபித்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இது பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டன. அருட்சாதனங்கள், புண்ணியப் பலன் என்று பேச வேண்டியவை இன்னும் இருக்கின்றன. ஆனாலும் பக்கத்துவீட்டு ஆன்ட்டியிடம் அந்தப் பழைய குற்றச்சாட்டைச் சொல்வதை இனி நிறுத்திக்கொள்ளலாம்.

ஈசூன்: நான் ஒருத்திதான் எங்கள் வீட்டில் கிறிஸ்தவள். அப்பா இந்துவாகவே இறந்தார். நல்ல மனுஷர். சபை மூப்பர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்து, "அவர் நரகத்தில்தான், இனி அம்மாவையாவது பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. அப்பாவின் திதிக்கு அண்ணன் வீட்டுக்குப் போகலாமா?

முதலில், அந்த மூப்பருக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்ல யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அவர் எந்தச் சபையாக இருந்தாலும் சரி.

சபைகள் என்ன சொல்கின்றன என்றால், ஒன்றுபோல் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது: தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் ஏவுதலால் மனச்சாட்சிப்படி நடக்க முயல்கிறவர்கள் மீட்படைய முடியும். வெஸ்லி, எந்த மனிதனும் கேட்பதற்கு முன்பே அவனிடம் போய்விடும் முந்திய கிருபை ஒன்று உண்டு, மனச்சாட்சி அதன் அடையாளம் என்று போதித்தார். பல சுவிசேஷ சபைகள் அப்போஸ்தலர் 4:12ஐயும் யோவான் 14:6ஐயும் காட்டி, அறிந்து விசுவாசிப்பது அவசியம் என்கின்றன. உங்கள் மூப்பர் அந்த வழியில் வந்தவராக இருக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், யோவான் 14:6 யார் வழியாகப் பிதாவிடம் போகிறோம் என்று சொல்கிறது. போய்ச் சேர்ந்தவர்களின் பட்டியல் அதில் இல்லை. சோதோமுக்காக வாதாடிய ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டார். அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை, பின்வாங்கவும் மனமில்லை. அப்பாவை அவர் கையில் விடுங்கள். உங்களைத் தேடி வந்தவர் உங்களைப் பெற்றவரைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

திதிக்குப் போங்கள். அம்மா பக்கத்தில் உட்காருங்கள், சமையலில் கை கொடுங்கள். பூசை நேரத்தில் எதில் சேர்வது, எதில் ஒதுங்கி நிற்பது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கு விடுகிறேன். அண்ணனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சங்கடம் வராது.

தெம்பனீஸ்: ஒன்றும் அறியாத கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு?

ஒன்றும் அறியாததால்தான். குழந்தை ஒன்றும் செய்யாதபோதே தேவன் செய்கிறார் என்பதைக் காட்டவே கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் அப்படிச் செய்கிறோம். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பிறகே முழுக்கு என்கின்றன.

அங் மோ கியோ: இணையத்தில் ஒரு ஊழியர், "கிருபையின் விதை" என்று 500 வெள்ளி அனுப்பினால் 30 நாளில் வேலை கிடைக்கும் என்கிறார். வேலையில்லாமல் இருக்கிறேன். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணத்துக்குக் கேட்ட சீமோனிடம் பேதுரு, "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் (அப்போஸ்தலர் 8:20). அங்கே வாங்க வந்தவனுக்கே அந்தத் திட்டு, இங்கே விற்கிறவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 500ஐ வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுயவிவரத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள், எங்கள் வகுப்பில் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சிலர் உண்டு, பார்க்கச் சொல்கிறேன்.