வாசகர் கேள்வி – பதில்: மலைக்குத் தாங்கும் கூடாரம்

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் விடுமுறை நாட்களில் மலையேறப் போவது வழக்கம். இதுவரை தெரிந்தவர்களிடம் கூடாரத்தை இரவல் வாங்கிச் சமாளித்தோம். இனிச் சொந்தமாக வாங்க நினைக்கிறோம். கையில் உள்ள பணம் குறைவு, ஆனால் வாங்குவது சில வருடங்களாவது உழைக்க வேண்டும். நால்வர் படுக்கக்கூடிய, தானாக விரியும் கூடாரம் ஒன்றைக் கடைக்காரர் காட்டி, இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். தானாக விரியும் கூடாரத்தின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் மூட்டு இருக்கும். கம்புகள் எல்லாம் அதில்தான் வந்து சேரும். அந்த மூட்டு உடைந்தால் மலையில் வைத்துத் திருத்த வழியில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னும் அதற்கான உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. அதைவிடப் பெரிய குறை, இவற்றுள் பலவற்றில் மேல்விரிப்பு ஒரு தொப்பியைப் போல உச்சியை மட்டும் மூடிக்கொண்டு பக்கச் சுவர்களை வெறுமையாக விட்டுவிடுவதாகும். மலையில் மழை நேராக விழுவது குறைவு. காற்றோடு சாய்ந்து பக்கவாட்டில் அடிப்பதே வழக்கம்.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, உங்கள் தலவாக்கலைப் பக்கமெல்லாம் மழையைக் கொட்டும்போது, அப்புத்தளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கத்தில் மழை குறைந்து காற்று ஓங்கி வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவையும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளையும் நனைக்கும். அதே காலத்தில் நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி புல்லின் மேல் படிவதுண்டு. இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமழை இருக்கவே இருக்கிறது. ஆகவே மழை, காற்று, குளிர் ஆகிய மூன்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் ஒரே வகைக் கூடாரம்தான் உங்களுக்குத் தேவை, அது விலை கூடியதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டு நீண்ட கம்புகள் உச்சியில் ஒன்றையொன்று குறுக்கிட்டு வளைந்து நிற்கும் சாதாரணக் கவிகைக் கூடாரத்தைக் கேளுங்கள். அதில் காற்றோட்டமுள்ள உட்கூடாரம் ஒன்றும், அதற்கு மேல் தனியாகப் போர்த்தும் மேல்விரிப்பு ஒன்றும் இருக்க வேண்டும். அந்த மேல்விரிப்பு நான்கு பக்கமும் நிலத்துக்கு ஒரு சாண் உயரம் வரையாவது இறங்க வேண்டும். இழுத்துக் கட்டுவதற்கான கயிறுகள் மூலைகளில் மட்டுமன்றிக் கம்பு செல்லும் வழியிலும், சுவரின் பாதி உயரத்தில், இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புத்தளைக் காற்றில் கூடாரத்தை நிமிர்த்தி வைப்பவை அந்தக் கயிறுகளே.

சீட்டில் எழுதியிருக்கும் எண்களை விளங்கிக்கொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 2000 மில்லிமீட்டர் என்று இருந்தால், அந்தத் துணியின் மேல் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால்தான் அது கசியத் தொடங்கும் என்பது பொருள். மேல்விரிப்புக்கு 1500க்குக் குறையாமலும், எங்கள் மழைக்கு 2000 அளவிலும் இருப்பது நல்லது. தரைக்கு 3000 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏனெனில் ஈர நிலத்தின் மேல் நீங்கள் முழங்காலை ஊன்றும்போது துணியின் மீது விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு பெரியது. டெனியர் என்பது நூலின் பருமன்: 9000 மீட்டர் நீள நூல் 75 கிராம் நிறுத்தால் அது 75 டெனியர். 190T என்பதுபோல் எழுதியிருந்தால் அது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள இழைகளின் எண்ணிக்கை. அதை வைத்து நீர் புகாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

துணியில் நைலோனைவிடப் பொலியஸ்டரையே குறைந்த விலையில் வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். நைலோன் எடை குறைந்தது, உறுதியானது. ஆனால் நனைந்தவுடன் நீண்டு தொய்ந்துவிடும், நள்ளிரவில் எழுந்து கயிறுகளை மீண்டும் இறுக்க வேண்டியிருக்கும். பொலியஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. ஹோட்டன் சமவெளி 2000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் துணியை ஒன்றும் செய்யாது என்று எண்ணிப் பகல் முழுவதும் கூடாரத்தை விரித்து வைப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். துணி நொய்ந்து போவதற்கு அதுவே முதற்காரணம்.

கம்புகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மலிவான கூடாரங்களில் கண்ணாடி இழைக் கம்புகளே இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் 7 மில்லிமீட்டருக்குப் பதிலாக 8.5 மில்லிமீட்டர் தடிப்பம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இத்தகைய கம்பு பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. ஒரு துண்டு அடுத்த துண்டின் உலோகக் குழாய்க்குள் நுழையும் வாயில்தான் நெடுக்காகப் பிளக்கும், அதுவும் அரைகுறையாகச் செருகிவிட்டு வளைக்கும்போது. விரலால் அந்த வாயைத் தடவிப் பாருங்கள். சிலாம்பு குத்தினால் வேறொன்று தரச் சொல்லுங்கள். அலுமினியக் கம்பு என்றால் பிளக்காது, வளையும். வளைந்ததை ஓரளவு நிமிர்த்தி அன்றிரவைக் கழித்துவிடலாம். பணம் கொஞ்சம் மிஞ்சினால் அதை அலுமினியக் கம்புக்குச் செலவிடுங்கள். கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி முளைகள் எங்கள் மலைகளின் சரளை மண்ணில் வளைந்துவிடும். தடித்த முளைகள் சிலவற்றைத் தனியாக வாங்கி, தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடியுங்கள்.

அடுத்து, நால்வருக்கு ஒன்றா, இருவருக்கு இரண்டா என்பது. நால்வர் கூடாரம் என்றால் நால்வர் தோளோடு தோள் நெருங்கிப் படுக்கலாம் என்பது மட்டுமே, பைகளுக்கு இடமில்லை. மூவர் கூடாரம் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் இருவர் தங்குவதே நான் சொல்லும் வழி. சரிவான மலையில் சிறிய சமதரை இரண்டு கிடைக்கும், பெரிய சமதரை ஒன்று கிடைப்பதுதான் கடினம். தாழ்ந்த கூடாரத்தில் காற்றின் பிடி குறைவு, சுமையையும் பங்கிடலாம், ஒன்று கிழிந்தால் மற்றதில் நால்வரும் ஒடுங்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தடவையில் வாங்க முடியாவிட்டால் தரமான ஒன்றை இப்போது வாங்குங்கள், மற்றதற்கு இன்னும் ஒரு வருடம் இரவலே போதும்.

வாங்கியதும் நேரே மலைக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டு முற்றத்தில் விரித்து, குழாய்த் தண்ணீரைப் பக்கவாட்டில் நெடுநேரம் பீய்ச்சுங்கள். பிறகு உள்ளே சென்று தரை மூலைகள் நான்கையும், தையல்கள் மூன்று ஒன்றுகூடும் இடத்தையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஈரம் முதலில் அங்கேதான் தெரியும். தையலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் நாடா விட்டுப்போன இடங்களில் பொலியூரிதேன் தையல் பசையைப் பூசிக் காயவிட்டால் போதும்.

கேள்வி: எங்கள் கூடாரம் மழையில்லாத இரவிலும் உள்ளே நனைந்து விடுகிறது. காலையில் படுக்கைப் பையெல்லாம் ஈரம். துணி கெட்டுவிட்டதா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: துணி கெடவில்லை, அம்மா. இரவெல்லாம் உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள ஈரம், குளிர்ந்த மேல்விரிப்பின் உட்பக்கத்தில் பட்டு நீராகத் திரண்டு விழுகிறது. ஒற்றைத் துணிக் கூடாரமாக இருந்தால் இதை முழுமையாகத் தடுக்க முடியாது. இரட்டைத் துணிக் கூடாரமென்றால், மேல்விரிப்பு உட்கூடாரத்தைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டி, உச்சியில் உள்ள காற்றுத் துவாரத்தையும் வாசல் ஜிப்பின் மேற்பகுதியையும் சிறிது திறந்து வையுங்கள். குளிர் நுழையுமே என்று எல்லாவற்றையும் அடைத்து மூடுவதால்தான் ஈரம் கூடுகிறது; குளிருக்கு நிலத்திலிருந்து காக்கும் தடித்த விரிப்பும் நல்ல படுக்கைப் பையுமே மருந்து. நனைந்த உடுப்புகளை உள்ளே தொங்கவிடாதீர்கள். நீரோடையை ஒட்டிய பள்ளத்தில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும் என்பதால், அதைவிடச் சற்று மேட்டில் கூடாரம் போட்டால் ஈரம் குறையும். சூடேற்றுவதற்காக உள்ளே அடுப்போ கரியோ மூட்டுவது உயிருக்கே ஆபத்து. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கேள்வி: பாவித்த கூடாரம் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், பதுளை

பதில்: மூக்கையும் விரல்களையும் நம்புங்கள். நீர் புகாமல் தடுக்க மேல்விரிப்பின் உட்பக்கத்தில் பூசியிருக்கும் பொலியூரிதேன் படலம் ஈரத்தோடு நெடுங்காலம் மடித்து வைக்கப்பட்டால் சிதைந்து பிசுபிசுக்கும்; புளித்த நெடி வீசும். அப்படிப்பட்டதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. சிறு கிழிசல், அறுந்த கயிறு, உடைந்த கம்பு ஆகியவற்றுக்குப் பயப்பட வேண்டாம். அவற்றைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஜிப்பை மூலை வளைவில் பலமுறை ஓட்டிப் பாருங்கள். தரையும் பூச்சிவலையும் விட்டுப்போகாமல் இணைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், இல்லையேல் நக்கிள்ஸ் பக்கத்து அட்டைகள் இரவோடிரவாக உள்ளே வந்துவிடும்.

கேள்வி: பயணம் முடிந்து வந்தபின் கூடாரத்தை எப்படிப் பாதுகாப்பது? சலவை இயந்திரத்தில் போடலாமா? கூடாரத்தின் கீழே தறப்பாள் விரிப்பது நல்லதா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சலவை இயந்திரமும் சலவைத் தூளும் படலத்தை உரித்துவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் சேற்றைத் துடைத்து, நிழலில் காய வையுங்கள். மலைநாட்டில் மழை விடாத வாரங்களில் துணி காய்வது கடினம் என்பது தெரியும். வீட்டுக்குள் கயிறு கட்டி, தையல் மடிப்புகள் வரை காயும்படி இரண்டு மூன்று நாட்கள் தொங்கவிடுங்கள். அடுப்புப் புகைக்கு அருகில் வேண்டாம், ஒரு தீப்பொறியே துளையிடப் போதும். காய்ந்தபின் அதன் சிறிய பையில் இறுக்கித் திணிக்காமல், பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள்; தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

தறப்பாள் விரிப்பது மிக நல்லது, தரைத்துணியின் ஆயுள் அதனால் கூடும். ஆனால் அது கூடாரத்தின் தரையைவிடச் சுற்றிலும் ஓரிரு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்விரிப்பில் வழியும் மழைநீர் அதன் மேல் விழுந்து, தறப்பாளுக்கும் கூடாரத்துக்கும் இடையே தேங்கி நிற்கும்.