குப்பை மேடும் கிணற்று நீரும்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: எங்கள் பகுதிக் குப்பை மேட்டில் இப்போது குப்பை கொட்டுவதில்லை. ஆனாலும் எங்கள் போர்வெல் நீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் செம்பழுப்பாக மாறுகிறது. நிலத்தடி நீர் நாளடைவில் தானாகவே தூய்மையாகிவிடும் என்கிறார்கள். அதை நம்பலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: ஓரளவுக்கு நம்பலாம், ஆனால் எல்லாக் கழிவும் அவ்வாறு நீங்குவதில்லை.

குப்பையில் ஊறி இறங்கும் கசிவுநீரின் கரிமப் பொருள்களை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. மேட்டின் அருகே ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுவதால், அவை நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. இவையும் தீர்ந்த இடத்தில் மீத்தேன் உண்டாகிறது. மண் துகள்களில் படிந்திருந்த இரும்பு இதனால் நீரில் கரைந்து, நிறமின்றி மேலே வந்து, காற்றுப் பட்டதும் செம்பழுப்பாகிறது. இயல்பாகவே இரும்பு மிகுந்த மண்ணிலும் இது நிகழும் என்பதால், நிறத்தை மட்டும் கொண்டு குப்பை மேட்டைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

கசிவுநீரிலுள்ள உப்பின் கூறான குளோரைடு சிதைவதே இல்லை. நீர்த்துப்போக மட்டுமே செய்யும். அம்மோனியாவும் ஆக்சிஜன் இல்லாத நீரில் நெடுங்காலம் தங்கும். ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தை அடைந்தபின் நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மேலும், குப்பை கொட்டுவது நின்றாலும் கசிவு நின்றுவிடாது. மேட்டை முறையாக மூடாதவரை, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் அதனுள் இறங்கிப் புதிய கசிவுநீரை உண்டாக்கும். அருகில் இரவுபகலாக நீர் இறைத்தால் மாசு அந்தக் கிணற்றை நோக்கி இழுக்கப்படவும் கூடும்.

ஆகவே மழைக்கு முன்னும் பின்னும், சில ஆண்டுகள் தொடர்ந்து, உங்கள் கிணற்று நீரையும் நிலத்தடி நீர் மேட்டை வந்தடையும் முன்பே கடக்கும் இடத்தில் அமைந்த ஒரு கிணற்றின் நீரையும் பரிசோதியுங்கள். குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், இரும்பு, வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கரிமப் பொருளின் அளவைக் காட்டுவது) ஆகியவற்றை அளக்கச் சொல்லுங்கள். குளோரைடு அதிகமாகவே இருக்க, கரிமப் பொருளின் அளவு மட்டும் குறைந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது பெரும்பாலும் நீர்த்துப்போனதுதான். கடலோர மாவட்டங்களில் உவர்நீர் உட்புகுவதாலும் குளோரைடு உயரும்; அதனால்தான் மேட்டின் கசிவு எட்டாத அந்த இரண்டாம் கிணற்றோடு ஒப்பிடுவது இன்றியமையாதது.

முடிவுகள் தெளிவாகும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமிகள்தான் அழியும். குளோரைடும் நைட்ரேட்டும் நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.